பழகிய வண்டில் சோடியை விடியமுன் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை முடிந்து சூடடிக்கும் களவெட்டி காய்ந்ததும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரே வாசகம் கடைச் சுவரிலும் கைத்தொலைபேசியிலும் சுற்றத் தொடங்கிவிடும்: "நன்கு பழகிய வண்டில் மாட்டுச் சோடி விற்பனைக்கு." வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கம் மட்டுமல்ல, அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், பொத்துவில் வரை இதே கதைதான். உழவு இயந்திரம் வந்ததோடு வண்டில் ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நகரத்தை விட்டு வெளியே வராதவர்கள். விறகு, வைக்கோல், கிடுகு, சேறான வயல்வட்டைக்குள்ளிருந்து நெல் மூட்டை என்று வண்டிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 2022 இல் டீசல் வரிசையில் நின்றவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

குறை என்னவென்றால், "நன்கு பழகிய" என்ற சொல்லுக்கு ஓர் அளவு கிடையாது. நுகத்தின் கீழ் இரண்டு நாள் நின்ற நாம்பனும் பழகியதுதான், பத்து வருடம் பாரம் இழுத்துக் கழுத்து தேய்ந்த எருதும் பழகியதுதான். வாங்குபவர் பின்னேரம் போய், நிழலில் கட்டியிருக்கும் சோடியைச் சுற்றிப் பார்த்து, சுழி பார்த்து, பல் பார்த்து, முற்பணம் கொடுத்துவிட்டு வருகிறார். வண்டிலில் பூட்டிப் பார்ப்பதென்றால் விற்பவரே ஏறி ஒழுங்கை முனைவரை ஓட்டிக் காட்டுவார். அந்த ஓட்டத்தில் தெரிவது விற்பவரின் கைப்பழக்கமே தவிர மாட்டின் பழக்கமல்ல. கொக்கட்டிச்சோலைக் கோயிலின் கல் நந்தி புல் தின்றதை நம்புகிற மண் இது. அந்த நம்பிக்கையைத் தரகர் வாய்க்கும் நீட்டத் தேவையில்லை.

வாங்கமுன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். முதலாவது, நேரம். சொல்லாமல், விடியமுன் போக வேண்டும். மாடு படுத்திருக்கும்போதே பக்கத்தில் நிற்க வேண்டும். மாடு எழும்பும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். முன்கால்கள் ஒரு கணம் முட்டியில் ஊன்றி, பிறகு ஒவ்வொன்றாக நிமிரும். முட்டியிலேயே நெடுநேரம் நின்றால் முன்குளம்பிலோ தோளிலோ வலி இருக்கிறது. எழும்பியதும் முதல் பத்து அடியை விடாமல் பாருங்கள். பின்கால் முழங்காற்சில்லு பூட்டிக்கொள்ளும் மாடாக இருந்தால், கால் பின்னுக்கு விறைத்து நின்று, குளம்பு நுனி மண்ணில் கீறிக்கொண்டு வந்து, பிறகு சட்டென்று வெட்டி முன்னே விழும். உடம்பு சூடேறக் கால்மணி நேரத்தில் இது மறைந்துவிடும். அதனால்தான் சில விற்பனையாளர்கள் ஆள் வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே மாட்டை ஒரு சுற்று நடத்தி வைப்பார்கள். நடத்தி வைத்தாலும் மறைக்க முடியாத அடையாளம் ஒன்று உண்டு. பின்குளம்பைத் தூக்கிப் பாருங்கள். இழுபட்ட குளம்பின் முன்விளிம்பு உளியால் சீவினதுபோல மட்டமாகத் தேய்ந்திருக்கும். மற்றக் காலோடு ஒப்பிட்டால் குழந்தைக்கும் தெரியும். இந்தக் குறைக்கு மிருக வைத்தியர் மாட்டை நிற்கவைத்தே, மரத்துப்போக ஊசி போட்டு, அந்த முழங்காற்சில்லின் உட்பக்க நாரை வெட்டிவிடுவார், பெரும்பாலும் சுகப்படும். ஆகவே இது மாட்டைக் கைவிட வேண்டிய குறையல்ல, விலையைக் குறைக்க வேண்டிய குறை. மறைத்து விற்பதுதான் பிழை.

இரண்டாவது, கழுத்து. திமிலுக்கு முன்னால் நுகம் குந்தும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தடவ வேண்டும். பல வருடம் இழுத்த மாட்டுக்கு அங்கே தோல் தடித்துக் காய்ந்திருப்பது இயல்பு. கை வைத்ததும் மாடு முதுகைத் தாழ்த்தினாலோ, அந்த இடம் சுட்டாலோ, அடியில் பதமான வீக்கம் இருந்தாலோ நுகப்புண் வரப் போகிறது, அல்லது வந்து ஆறி மறுபடி கிளம்புகிறது. மஞ்சளும் எண்ணெயும் பூசியிருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கழிவு எண்ணெய் பூசியிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். புண் உள்ள மாட்டுக்கு மூன்று நான்கு கிழமை நுகம் படக்கூடாது. அந்த நாட்களின் தீனிச் செலவும் விலைக்குள் சேர வேண்டும்.

நுகப்புண்ணுக்கு மாட்டைவிட வண்டில் காரணமாக இருப்பதே அதிகம். பாரம் முன்னுக்கு ஏறினால் முழுச் சுமையும் கழுத்தில் குந்தும். பின்னுக்கு ஏறினால் நுகம் மேலே கிளம்பி, பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மாடு இருமும், கண் பிதுங்கும், பிறகு வண்டிலைக் கண்டாலே பின்வாங்கும். பாரம் ஏற்றிய பிறகு, மாட்டைப் பூட்டமுன், ஓர் ஆள் இரண்டு கையாலும் நுகத்தைச் சிரமமில்லாமல் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கைவிட்டால் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும், மேலே பறக்கக்கூடாது. மட்டம் சரி என்பதற்கு அதுதான் அளவு.

இனிப் பூட்டிப் பார்ப்பது. இதற்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும். விற்பவர் பூட்டலாம், ஆனால் பிடிகயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும், விற்பவர் வாய் திறக்காமல் தள்ளி நிற்க வேண்டும். உண்மையில் பழகிய மாடு நுகத்தைத் தூக்கிப் பிடித்ததும் தானாகத் தலையைத் தாழ்த்தி உள்ளே வரும். இரண்டு பேர் கொம்பைப் பிடித்து இழுத்து நுகத்தை ஏற்ற வேண்டியிருந்தால் அது பழகின மாடல்ல, அடங்கின மாடு. எது இடத்தன், எது வலத்தன் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் மாற்றிப் பூட்டினால் நல்ல சோடியும் குழம்பும். அதைக் குறையாக எடுக்கக்கூடாது.

வெறும் வண்டிலோடு தொடங்குங்கள். சத்தம் கொடுத்ததும் இரண்டும் ஒன்றாகக் கால் எடுக்க வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் நுகம் சரிந்து நிற்கும். பிந்துகிற மாடு வழியெல்லாம் பிந்தும், முந்துகிற மாட்டின் கழுத்துத்தான் தேயும். நடக்கத் தொடங்கியதும் பிடிகயிற்றைத் தளர விட்டுப் பாருங்கள். கயிறு தொங்கிக்கொண்டிருக்கும்போதும் நேராக, அதே வேகத்தில் போக வேண்டும். ஓயாமல் இழுத்துப் பிடித்தால்தான் நேராகப் போகும் என்றால் மூக்கு மரத்துப்போன மாடு அது. மூக்குத் துளையையும் பாருங்கள்: துளை கிழிந்து நீண்டிருந்தால், அல்லது ஒருமுறை அறுந்து இரண்டாம் துளை குத்தியிருந்தால், அந்த மாடு எப்போதோ கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

திருப்பம்தான் உண்மையான சோதனை. ஒடுங்கிய இடத்தில் இடப்பக்கம் திருப்புங்கள். இடத்தன் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்க, வலத்தன் அகல அடி வைத்துச் சுற்றிவர வேண்டும். வலப்பக்கம் திருப்பும்போது அதுவே மறுபக்கமாக நடக்க வேண்டும். அரைகுறையாகப் பழக்கிய சோடியில் உள்மாடும் சேர்ந்து முன்னே நடந்துவிடும். வண்டில் பெரிய வட்டம் போட்டு வேலியில் ஏறும். சில சோடிகள் ஒரு பக்கத்துக்கு அழகாகத் திரும்பும், மறுபக்கத்துக்குத் திரும்பாது. ஒரே பாதையில் ஒரே பக்கம் திரும்பிப் பழகினவை அவை. அதனால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று தரம் திருப்பாமல் விடாதீர்கள்.

பிறகு நிறுத்தம். குரல் கொடுத்து இரண்டு கயிறையும் லேசாகத் தொட்டதும் இரண்டு மூன்று அடிக்குள் நிற்க வேண்டும். நின்றபின் கயிறைத் தளர்த்திப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மூட்டை ஏற்றும்போது நிற்காத மாட்டால் காலை நசுக்கிக்கொள்ளப் போவது நீங்கள்தான். நின்ற இடத்திலிருந்து பின்னுக்கு ஐந்தடி தள்ளச் சொல்லுங்கள். வண்டிலைப் பின்னுக்குத் தள்ளத் தெரியாத சோடிகள் ஊரில் நிறைய. பழக்கும்போது இதற்குப் பொறுமை கூடத் தேவைப்படுவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். படகுத் துறையிலும் ஒடுங்கிய வளவுக்குள்ளும் வேலை உள்ளவர்கள் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது வீதி. வட்டைக்குள்ளும் கிறவல் வீதியிலும் வளர்ந்த மாடு வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தால் வேறு மாடு. மண்முனைப் பாலத்தைக் கடந்து ஆரையம்பதிப் பக்கம் ஏறினால் பேருந்து, லொறி, ஓட்டோ எல்லாம் முழங்கை தூரத்தில் உரசிக்கொண்டு போகும். பாலத்தின் மேல் சத்தம் அடியிலிருந்து வருவதால் சில மாடுகள் நடுப்பாலத்தில் நின்றுவிடும். நீங்கள் எந்த வீதியில் ஓட்டப் போகிறீர்களோ அந்த மாதிரி வீதியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் பணம் எண்ணாதீர்கள். தார் வீதிக்கு லாடமும் வேண்டும். குளம்பு பிளவாக இருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, மாட்டுக்கு எட்டு, சோடிக்குப் பதினாறு. மணல் ஊரில் லாடம் இல்லாமல் விற்கும் மாட்டைத் தார் வீதியில் ஒரு கிழமை ஓட்டினால் நொண்டும். அது மாட்டின் குறையல்ல.

வெறும் வண்டில் முடிந்ததும் பாரம் வைத்து, வெயிலில். வெயில் என்பதை அழுத்திச் சொல்கிறோம். கால் வாய் நோய் வந்து தேறிய மாடுகள் சிலவற்றுக்கு உடம்புச் சூட்டைத் தாங்கும் சக்தி நிரந்தரமாகப் போய்விடும். காலையிலும் நிழலிலும் அது நல்ல மாடுதான். பத்து மணி வெயிலில் பாரத்தோடு அரைமணி நேரம் நடந்தால் வாய் திறந்து, நாக்கு வெளியே வந்து, விலா துருத்திபோல அடிக்கும். இப்படிப்பட்ட மாட்டின் மயிர் நீண்டு, சடைத்து, மினுக்கமில்லாமல் இருப்பது ஒரு முன்னடையாளம். சோதிப்பது எளிது: பூட்டமுன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து நிழலில் கட்டி இருபது நிமிடத்தில் மீண்டும் எண்ணுங்கள். கிட்டத்தட்டப் பழைய எண்ணுக்கு இறங்கியிருக்க வேண்டும். இதற்கு மருந்து இல்லை. அந்த மாட்டை வண்டிலுக்கு வாங்காதீர்கள்.

எவ்வளவு பாரம் வைத்துப் பார்ப்பது? தையற்கார நாடா ஒன்று போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்தச் சென்றிமீற்றரை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் மாட்டின் எடை கிலோவில் ஏறக்குறைய வரும். நெஞ்சு 150, நீளம் 130 என்றால் 270 கிலோ. நம் ஊர் மாடுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கிட்டத்தான். சோடிக்கு 540 கிலோ. மாடு நாள் முழுக்கச் சோராமல் இழுக்கும் விசை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு. சோடிக்கு 54 கிலோ. நல்ல தார் வீதியில் வண்டிலும் பாரமும் சேர்ந்த எடையில் இருபதில் ஒரு பங்கு விசை இருந்தால் உருளும் என்பதால் வண்டிலோடு ஒரு தொன் வரை போகலாம். தளர்ந்த கடற்கரை மணலில் அதே வண்டிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு விசை வேண்டும். அங்கே வண்டில் எடையும் சேர்த்து 270 கிலோவுக்கு மேல் ஏற்றுவது மாட்டை முறிப்பது. கல்முனைக்குத் தெற்கே மணல் ஒழுங்கைகளில் மாட்டை அடித்து இழுப்பிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

பல் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாட்டுக்கு மேற்றாடையில் முன்பல் இல்லை, கீழே எட்டு. இரண்டு பல் விழுந்து முளைப்பது இரண்டு இரண்டரை வயதில், எட்டும் சேர்வது நாலரை ஐந்தில். ஆறு பல் சோடி வாங்குவது நல்லது: பழகியிருக்கும், இன்னும் ஏழெட்டு வருட உழைப்பு மிச்சமிருக்கும். வயதைக் காட்டும் கொம்பு வளையத்தை அரத்தால் ராவலாம், பல்லை ராவ முடியாது. நலமடித்த (விதை நசுக்கிய) மாடா என்பதையும் கையால் பாருங்கள். இடுக்கி ஒரு பக்கம் சரியாக நசுக்காமல் விட்டிருந்தால் பசு கண்ட இடத்தில் வண்டிலோடு திரும்பும்.

சுழி பார்ப்பவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. விற்கும்போது சுழியால் விலை ஏறி இறங்குவது உண்மை. ஆனால் சுழி பார்க்கும் நேரத்தில் பாதியை வாலுக்கும் கொடுங்கள். வாலை அடியிலிருந்து நுனிவரை விரலால் உருவி வாருங்கள். எங்காவது முடிச்சோ கோணலோ தட்டுப்பட்டால் அங்கே எலும்பு முறிந்து ஒட்டியிருக்கிறது. வாலை முறுக்கி ஓட்டிய மாடு. சப்பையில் சிறு சிறு பொட்டுத் தழும்புகள் இருந்தால் ஆணி வைத்த கம்பு. இந்த இரண்டும் உள்ள மாடு குரலுக்கு நடக்காது.

தனி மாடு வாங்கிச் சோடி சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: திமில் உயரத்தில் மூன்று விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடுங்கள். உயரம் ஒத்தாலும் நடை ஒக்காவிட்டால் பயனில்லை. நடையை மணலில் நடத்திக் குளம்படி இடைவெளியை அளந்து பார்க்கலாம்.

காகிதம். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் குறிசுடுதல், பதிவு, இடம்விட்டு இடம் கொண்டுசெல்லுதல் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. மாட்டின் குறியும் காது இலக்கமும் உரிமைச் சீட்டில் உள்ளவையும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். குறியின் மேல் குறி ஏறியிருந்தால் முந்திய உரிமையாளரின் கைமாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். "சீட்டு வீட்டில் இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்றால் மாட்டையும் பிறகே எடுங்கள். மாவட்டம் தாண்டிக் கொண்டுபோவதானால் அனுமதிப்பத்திரமும் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றும் இல்லாமல் லொறியில் ஏற்ற வேண்டாம். வழிமறிப்பில் மாடும் லொறியும் சேர்ந்து பொலிஸ் நிலையத்தில் நிற்கும்.

விலை பேசும்போது பாதிப் பணம் அன்று, மீதி ஒரு கிழமை கழித்து என்று பேசுங்கள். நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் இதற்கு மறுப்பதில்லை. ஒரு தாளில் நிறம், கொம்பின் அமைப்பு, குறி, காது இலக்கம், பல், விலை, "சோடியாக வண்டிலில் இரு பக்கமும் திரும்பிப் பழகியவை" என்ற வரி, இரண்டு சாட்சி. இவ்வளவும் போதும். இதை எழுத மறுப்பவரிடம் வேறெதுவும் கேட்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டியோடு சேர்க்காமல் மூன்று கிழமை தனியே கட்ட வேண்டும். கால் வாய் நோய்க் கிருமி வெளிக்காட்ட இரண்டு கிழமை வரை எடுக்கும். 2020 இல் இந்நாட்டுக்குள் வந்த தோல் கழலை நோயும் நம் பட்டிகளுக்குப் புதிதாக வந்த சங்கடம். தனிக் கட்டு என்றால் தனித் தண்ணீர்த் தொட்டியும்தான். ஒரே தொட்டியில் குடிக்க விட்டுவிட்டு மரத்தை மாற்றிக் கட்டுவதில் பயனில்லை.

இன்னும் ஒன்று, பலர் கேட்க மறப்பது. சோடியோடு அதன் பழைய நுகத்தையும் பூட்டாங்கயிறையும் சேர்த்து வாங்குங்கள். அந்தக் கழுத்துகள் அந்த மரத்துக்குப் பழகியவை. புது நுகம் போட்டால் பத்து நாளில் புண். விற்பவர் நடக்க, நிற்க, திரும்ப, பின்னுக்குப் போக என்ன சத்தம் கொடுக்கிறார் என்பதையும் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து கொண்டு வாருங்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் அந்தச் சத்தம் வேறு. பொத்துவில்காரர் நிறுத்தக் கொடுக்கும் சத்தம் வாகரைக்காரருக்கு நடக்கச் சொல்லும் சத்தமாக இருக்கலாம். முதல் கிழமை தினமும் இரண்டு மணித்தியாலம், வெறும் வண்டில், அதே சத்தம்.

இப்படிக்கு,
வண்டில் மாடு பழக்குவோர் சிலர்,
மண்டூர்.